மின்தூக்கியின் வாசலில் ஒட்டிய தாள்

"வீட்டு வேலை செய்வோரும் பொருள் கொண்டுவருவோரும் படிக்கட்டையே பயன்படுத்த வேண்டும்" என்று கொரோனா ஊரடங்கின்போது எங்கள் குடியிருப்பின் மின்தூக்கி அருகில் ஒட்டிய அறிவிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே அறிவித்துவிட்டது. இன்னும் ஏன் இந்தத் தாள் என்று கேட்டால், "நம்ம பாதுகாப்புக்குத்தான் சார்" என்கிறார் சங்கச் செயலாளர்.

அந்த நாட்களின் அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சம் மனிதர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் அப்போதே பார்த்துவிட்டோம். 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. சக மருத்துவர் ஒருவரே இரவில் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகு, அடக்கத்தைத் தடுப்பவர்களைச் சிறையில் அடைக்கத் தமிழக அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. கல்லெறிந்தவர்களைக் கண்டித்த அதே படித்த மக்கள்தான், அச்சிட்டு ஒட்டிய இந்த விலக்கலை ஒழுங்குமுறை என்று ஏற்றுக்கொண்டு நாள்தோறும் கடந்து போகிறார்கள்.

தமிழ்நாட்டின் முதல் தொற்று, ஓமனிலிருந்து திரும்பிய ஒருவருக்குத்தான் 2020 மார்ச்சில் உறுதியானது. விமானத்தில் வந்த நோய்க்கு, மாநகரப் பேருந்தில் வந்து பாத்திரம் துலக்கும் பெண்ணைக் காவல் வைத்துத் தடுத்தோம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் பெட்டிகளோடு மின்தூக்கியில் ஏறுகிறார்கள். மூட்டு வலியோடு ஐந்தாம் மாடிக்கு ஏறும் அந்த அம்மாவோ, மாலையில் வீடு திரும்பும்போது தம் பையைக் காவலாளியிடம் திறந்து காட்டிவிட்டே வாசலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அவர் பிசைந்த மாவில் சுட்ட சப்பாத்தியை உண்கிறார்கள், பிள்ளையை அவர் மடியில் விட்டுவிட்டு அலுவலகம் போகிறார்கள், ஆனால் ஒரு நிமிடம் அவரோடு ஒரே பெட்டிக்குள் நிற்க மாட்டார்கள். இதைத் தீண்டாமை என்று சொன்னால் மட்டும் அவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தாளைக் கிழித்தெறியும் தீர்மானத்தை நான் கொண்டுவருவேன். எதிர்ப்பவர்கள், அவர் சமைத்த சோற்றில் இல்லாத எந்த ஆபத்து அவர் அருகில் நிற்பதில் இருக்கிறது என்பதை எல்லோர் முன்பும் எழுந்து சொல்லட்டும்.