மொட்டை மாடித் தண்ணீர் யார் பொறுப்பு?

சென்னையில் எந்த வீட்டில் கேட்டாலும் "மழைநீர் சேகரிப்பு இருக்கே" என்பார்கள். இருக்கிறதுதான். காம்பவுண்டு ஓரத்தில் சிமெண்ட் மூடி போட்ட ஒரு குழி, அதற்குள் இறங்கும் ஒரு பிவிசி குழாய். கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் பதில் வராது. சில வீடுகளில் அந்த மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. வாடகைக்கு இருப்பவருக்கு அப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது.

2003-இல் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டிடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்ற அளவுக்குக் கடுமையான சட்டம். வறட்சிக் காலம், மக்களும் பயந்துபோயிருந்தார்கள், சில மாதங்களில் ஊர் முழுக்கக் குழி தோண்டினார்கள். 2005 பெருமழையில் கிணறுகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். அந்தச் சட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது கட்டச் சொன்னது. கட்டியதை ஆண்டுக்கு ஆண்டு யார் தூர் வாருவது என்பது யாருடைய வேலையாகவும் ஆகவில்லை. 2019 ஜூனில் நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும் இந்தக் குழிகள் எல்லாம் அந்தந்த இடத்தில்தான் இருந்தன.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. ஆவியாவது, தரை உறிஞ்சுவது, சிதறுவது எல்லாம் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தால்கூட ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கும் மேலான தண்ணீர் அது. அதை வாசல் வழியாகத் தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் லாரிக்கு போன் போடுகிறோம்.

ஆனால் 2003-இல் அவசரத்தில் தோண்டிய குழியின் அளவைப் பாருங்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். வெறும் குழியாக இருந்தால் 765 லிட்டர் பிடிக்கும். அதை ஜல்லியால் நிரப்பிவிட்டார்கள். ஜல்லிக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 40 சதவீதம்தான், ஆக மிச்சம் 300 லிட்டர். அதே ஆயிரம் சதுர அடி மாடியிலிருந்து ஒரு மி.மீ. மழைக்கு 75 முதல் 80 லிட்டர் இறங்கும். நான்கு மி.மீ. மழையிலேயே குழி நிறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் நான்கு மி.மீ. என்பது டீ குடித்து முடிப்பதற்குள் பெய்துவிடுகிற மழை. மணல் பூமியாக இருந்தால் நிரம்ப நிரம்ப உறிஞ்சிக்கொள்ளும், பிரச்சினை இல்லை. களிமண்ணாக இருந்தால் அந்தத் தண்ணீர் இரண்டு நாளானாலும் அங்கேயே நிற்கும், அடுத்த மழை முழுக்கத் தெருவுக்குத்தான்.

மண்ணைக் கேட்காமல் ஊரெல்லாம் ஒரே மாதிரிக் குழி தோண்டியதுதான் பெரிய கோளாறு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் மணல். சின்னக் குழியே போதும். மேற்கே விருகம்பாக்கம், அண்ணா நகர் பக்கம் மேலே களி. அங்கே களியைத் தாண்டி இறங்காத குழி வெறும் தொட்டி. கிண்டி, பரங்கிமலை, வேளச்சேரி பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும். உங்கள் தெருவில் யாராவது போர் (ஆழ்துளைக் கிணறு) போடும்போது வெளியே வரும் மண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். போர் போட்டவரிடம் எத்தனை அடியில் மணல் வந்தது என்று கேளுங்கள், சொல்வார்.

களி உள்ள இடத்தில் சரியான வழி உறைக்கிணறு. மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழம், துளையிட்ட சிமெண்ட் உறைகள். உறைகளின் இணைப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசக்கூடாது. மேஸ்திரி பழக்கதோஷத்தில் பூசிவிடுவார், பக்கத்திலேயே நின்று தடுக்க வேண்டும். உறைக்கு வெளியே சுற்றிலும் ஜல்லி, அடியில் ஓரடி ஜல்லி, உள்ளே வெறுமை. இது ஏறக்குறைய 3,000 லிட்டர் பிடிக்கும். ஜல்லிக் குழியைப்போல் பத்து மடங்கு. உள்ளே வெறுமையாக விட்டால்தான் பின்னால் வண்டலை அள்ள முடியும் என்பது இன்னொரு காரணம். ஜல்லி நிரப்பிய குழியில் அடைப்பு வந்தால் ஜல்லி முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். யாரும் செய்வதில்லை. மூடியில் இரண்டு இரும்புக் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். கொக்கி இல்லாத மூடி பிறகு திறக்கப்படவே மாட்டாது. கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இதைத் தோண்டவே கூடாது.

சுத்தம் செய்யும்போது உள்ளே ஆளை இறக்கவே வேண்டாம். மூடியே கிடந்த குழியில் காற்று கெட்டிருக்கும், மூன்றடி விட்டத்தில் மயங்கி விழுந்தவரைத் தூக்குவதும் முடியாது. மோட்டார் விட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டு, மேலிருந்தே வாளியும் நீளக் கரண்டியும் போட்டு அள்ளலாம்.

வண்டல் உள்ளே போகாமல் இருப்பதுதான் அதைவிட நல்லது. குழிக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடியில், இரண்டடி ஆழத்தில் ஒரு கசடுத் தொட்டி கட்டுங்கள். அடியும் பக்கமும் சிமெண்ட் பூசியது. குழிக்குப் போகும் குழாய் தொட்டியின் மேல் பகுதியில் இருக்க வேண்டும், மண் அடியில் தங்க, தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து போகும். நான் பார்க்கும் தொட்டிகளில் பெரும்பாலும் குழாய் அடியில்தான் இருக்கிறது! பிறகு அதற்குத் தொட்டி எதற்கு?

சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டியில், சேமிக்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல். முதல் மழை அழுக்கு மழை. மாடியில் புறா எச்சம், தூசு, காய்ந்த இலை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். அதை ஒதுக்க என்று குழாயின் அடியில் மூன்றடி நீளத்துக்கு மூடி போட்ட ஒரு துண்டு வைத்துக் கொடுக்கிறார்கள். நாலு இஞ்ச் குழாயில் மூன்றடி நீளத்துக்கு ஏழு லிட்டர்தான் நிற்கும். அந்த ஆயிரம் சதுர அடி மாடியின் முதல் ஒரு மி.மீ. மழையை ஒதுக்கவே 75 முதல் 80 லிட்டர் இடம் வேண்டும். அது அலங்காரம். இதற்கு இரண்டே வழி. ஒன்று, குழாயில் டீ (மூவழி இணைப்பு) போட்டு இரண்டு வால்வு வைத்து, சீசனின் முதல் மழையிலும் நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் மழையிலும் முதல் கால்மணி நேரத் தண்ணீரைக் கையாலேயே வெளியே விடுவது. இரண்டு, 200 லிட்டர் டிரம்மை டீயில் இணைத்து, அது நிரம்பிய பிறகே தண்ணீர் வடிகட்டிக்குப் போகும்படி செய்வது. டிரம்மின் அடியில் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு சின்னத் துளை வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு டிரம் ஏற்கெனவே நிறைந்திருக்கும், அதில் கொசுவும் வந்துவிடும்.

வடிகட்டிக்கு இன்னொரு டிரம். அடியில் ஓரடி 20 மி.மீ. ஜல்லி, மேலே நைலான் வலை, அதன் மேல் ஓரடி கழுவிய பருமணல், அதற்கும் மேலே ஒரு வலை, மீதி வெறுமை. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதாக இருந்தால் பலமுறை கழுவுங்கள், அதில் உள்ள மாவுத்தூள் தண்ணீரைப் பால்போல் ஆக்கிவிடும். வடிகட்டி வரைபடங்கள் பலவற்றில் கரியும் இருக்கிறது. கொஞ்ச நாளில் நொறுங்கித் தூளாகி அதுவே அடைக்கும், துவைக்கவும் குளிக்கவும் பயன்படும் தண்ணீருக்கு அது தேவையே இல்லை. உறைக்கிணற்றுக்குப் போகிற மாடித் தண்ணீருக்கு மணல் வடிகட்டியும் வேண்டாம், கசடுத் தொட்டி போதும். ஆனால் பழைய போருக்குள் நேராக விடுகிறவர்கள் வடிகட்டாமல் விடவே கூடாது. முற்றத்துத் தண்ணீரைப் போருக்குள் விடுவது நிலத்தடி நீரில் நாமே சாக்கடையைக் கலப்பதுதான்.

இதிலெல்லாம் இயந்திரம் எதுவும் இல்லை. வால்வு, வலை, மணல், கல். ஒரு பிளம்பருக்கும் ஒரு மேஸ்திரிக்கும் இரண்டு மூன்று நாள் வேலை. அப்படியிருந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், நம் வாழ்க்கை மாறிய விதத்தில் இதற்கு ஆள் இல்லை. ஏரிப்பாசன ஊர்களில் குடிமராமத்து என்று ஒரு முறை இருந்தது. மழைக்கு முன் ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வெட்டுவதும் மதகு பார்ப்பதும் உபரி நீர் வழியும் கலங்கல் சரிசெய்வதும் வீட்டுக்கு இத்தனை ஆள் என்ற கணக்கில் நடக்கும். அதை முழுக்கப் புகழ முடியாது, யார் மண் சுமந்தார்கள், யார் கரையில் நின்று ஏவினார்கள் என்று கேட்டால் சாதி வந்து நிற்கும். ஆனால் 'இன்ன மாதம், இன்ன வேலை, இன்னார் செய்ய வேண்டும்' என்ற ஒழுங்கு அதில் இருந்தது. அப்பார்ட்மெண்டில் அது இல்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில், குடியிருப்பவர் பதினோரு மாத ஒப்பந்தத்தில், வாட்ச்மேன் ஏஜென்சி ஆள். அசோசியேஷன் வரவு செலவில் லிஃப்ட்டுக்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) உண்டு, ஜெனரேட்டருக்கு உண்டு, சிசிடிவிக்கு உண்டு. மழைக்கு ஒரு வரி கிடையாது.

அடுக்குமாடியில் மாடி சிறியது, வீடுகள் அதிகம், அங்கே என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 4,000 சதுர அடி மாடியும் 24 வீடும் என்றால் ஆண்டுக்குச் சுமார் நான்கு லட்சம் லிட்டர். வீட்டுக்குப் பங்கு பிரித்தால் ஒரு மாதத் தண்ணீர்தான். ஆனால் 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் அது 35 லோடு. அதோடு முற்றத்துத் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். கார் நிறுத்த வேண்டும் என்று சுவர் முதல் சுவர் வரை சிமெண்ட் போட்டுவிட்ட வளாகத்தில் கேட் ஓரமாகக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி இரும்புக் கம்பித்தட்டு போட்டால், தெருவுக்கு ஓடும் தண்ணீரைக் கசடுத் தொட்டி வழியாகத் தனி உறைக்கிணற்றுக்குத் திருப்பலாம். இதில் மண்ணும் எண்ணெயும் வரும் என்பதால் மாடித் தண்ணீரோடு கலக்கக்கூடாது, சம்ப்புக்கும் விடக்கூடாது.

இது வெள்ளத்தைத் தடுக்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. நம் உறைக்கிணறு 38 மி.மீ. மழையோடு நிறைந்துவிடும், அதற்குமேல் அது உறிஞ்சும் வேகம்தான். கோடையில் கிணறு வற்றாமல் இருக்கத்தான் இந்த வேலை. வெள்ளத்துக்கு ஏரியும் வடிகாலும் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, மழைத்தண்ணீரை சம்ப்பில் பிடித்து அதை ஆர்.ஓ. மெஷினில் விடுவது. மழைத்தண்ணீரில் உப்பு கிடையாது என்றே சொல்லலாம். உப்பு நீக்கும் இயந்திரம் உப்பில்லாத தண்ணீரில் பாதியைக் கழிவு என்று சாக்கடைக்கு அனுப்புகிறது. மழை மாதங்களில் கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும். சம்ப்பை வெயில் படாமல் மூடி, காற்றுக்குழாயில் வலை கட்டி, பத்தாயிரம் லிட்டருக்கு 25 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம்.

அக்டோபர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சென்னை மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழையாகப் பெய்துவிடுகிறது. ஆகவே மாடி கழுவும் வேலை மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை. சோப்பில்லாமல் துடைப்பம் போட்டுக் கழுவினால் போதும். மாடியில் துணி துவைக்கும் வீடானால் அந்தத் தண்ணீர் மழைக்குழாயில் இறங்காதபடி வேறு வழி செய்யுங்கள், சோப்பு நுரை இறங்கும் குழாயை வைத்துக்கொண்டு எந்த வடிகட்டியும் உதவாது.

அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கிளப்புவதற்கு முன் உங்கள் குழி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மழை இல்லாத ஒரு நாளில் மூடியைத் திறந்து, தோட்டக் குழாயை விட்டுக் குழியை விளிம்புவரை நிரப்பி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் குழி நன்றாக இருக்கிறது. மறுநாள் காலையிலும் பாதிக்குமேல் நின்றால் வண்டலை அள்ளிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அப்போதும் நின்றால் அடியில் களி, அந்தக் குழியோடு மல்லுக்கட்டாமல் அதன் அடியிலிருந்து மணல் தட்டும்வரை ஆறு இஞ்ச் துளை ஒன்றை இறக்கச் சொல்லுங்கள். புதிதாக உறைக்கிணறு தோண்ட இடமில்லாத வளாகத்துக்கு அதுதான் வழி. துளையின் வாயில் வலையும் ஜல்லியும் வைக்காமல் மூடிவிட்டுப் போகிற ஆளிடம் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.