விடை கொடு பாட்டை ஏழாவதாகப் போட்டதற்கு

முந்தநாள் நடந்ததை என் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். முழுக்கதையையும் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. இணையத்தில் பாட்டுக் கேட்கிறவர்களின் குழு ஒன்றில் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். தலைப்புப் பாட்டு ரெண்டு குரலில் வருவதையும் சேர்த்தால் ஏழு. நான் ‘சட்டென நனைந்தது நெஞ்சம்’ முதலாவது என்று போட்டேன். ஈழத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறும்போது வருகிற ‘விடை கொடு எங்கள் நாடே’ ஏழாவது. நான் செய்தது அவ்வளவுதான். விடிய எழும்பிப் பார்த்தால் நான் இனத்தை மறந்தவள், நன்றி கெட்டவள், பட்ட அடி போதாதவள்.

சண்டைக்கு எழுதவில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதை மட்டும் என்னால் ஏலாது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அதே இடத்தில் சென்னையில் இருக்கிற ஒரு தம்பியும் ‘விடை கொடு’வைக் கடைசியில்தான் போட்டிருந்தார். பாட்டு இழுவை என்று காரணமும் எழுதியிருந்தார். அவருக்கு வந்த பதில் என்ன? ‘ரசனை வேற வேற சகோ.’ ஒரு சிரிப்புப் பொம்மை. முடிந்தது. எங்கட பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருக்கிற என் சிநேகிதி ‘சிக்னோரே சிக்னோரே’யை முதலாவதாகப் போட்டாள், அவளை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் அந்தப் பாட்டை இழுவை என்று சொல்லவும் இல்லை, ஒரு குறை எழுதவும் இல்லை. என் பெயருக்குக் கீழே மட்டக்களப்பு என்று இருந்தது. அது போதும், விசாரணை தொடங்கிவிட்டது. ‘ஈழத்தமிழச்சி இந்தப் பாட்டையா கடைசியில போடுவா?’

ஓம், போடுவாள். போட்டாள்.

ஒரு பாட்டை நான் எத்தனையாவது இடத்தில் வைக்கிறேன் என்பது நான் பட்ட துன்பத்துக்கு அளவுகோல் இல்லை. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், சலித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க்காரருக்கு ரசனை இருக்கலாம், எங்களுக்கு மட்டும் கடமை இருக்கவேண்டும் என்றால் அது நியாயமா?

பாட்டின் தரத்தைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘விடை கொடு’ எப்படிப்பட்ட பாட்டு என்று எனக்குத் தெரியும். எழுபது வயதைத் தாண்டிய எம். எஸ். விஸ்வநாதனைக் கொண்டுவந்து பாடவைத்தது ரஹ்மான் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் ஒன்று. நல்ல பயிற்சியுள்ள இளம் குரல் பாடியிருந்தால் அது அழகான சோகப்பாட்டாகப் போயிருக்கும். அந்த வயதான குரலில், கொஞ்சம் கரகரப்போடு வரும்போது, ஊர்ப் பெரியவர் ஒருவர் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். பின்னால் மற்றக் குரல்கள் சேரச் சேரச் சனக்கூட்டம் நடக்கத் தொடங்கும். இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினபடியால்தான் ஏழாவது.

எங்கட பெரியம்மா பாய் இழைக்கிறவ. பன் புல்லை அறுத்துக் காயவைத்துச் சாயத்தில் அவித்து எடுத்தால் விரலில் ஏறின சிவப்பும் ஊதாவும் கன நாளைக்குப் போகாது. எங்கட வீட்டு ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியில் மட்டும் அந்தச் சாயம் பிடித்து ஒரு பக்கம் கருஞ்சிவப்பாகிப் போயிருந்தது. பெரியம்மா பாட்டுக் கேட்டுக்கொண்டே இழைப்பா. சூரியன் எஃப்.எம்.மில் எந்தப் பாட்டுப் போனாலும் அவவுக்குச் சரி, அறிவிப்பாளர் அலட்டினாலும் சரி. ‘விடை கொடு’ தொடங்கினால் மட்டும் முதல் வரி முடிய முதலே கை அந்தத் திருகிக்குப் போய்விடும். கை எட்டாத தூரத்தில் இருந்தால் என்னைக் கூப்பிடுவா. “அத நிப்பாட்டு மகள். அந்தாள்ற குரலக் கேட்டா நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யிது.”

அந்தாள் யார் என்று அவ ஒருநாளும் கேட்டதில்லை. எம். எஸ். வி. என்று நான் சொல்லியிருந்தாலும் அவவுக்குப் பெரிதாகப் பட்டிருக்காது. பாடினவருக்கும் பாட்டுக்கும் இதைவிடப் பெரிய மரியாதை இருக்கிறதா? தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து மண்முனைத் துறையில் ரெண்டு பிள்ளைகளோடும் ஒரு பானையோடும் இக்கரைக்கு வந்து இறங்கின மனுசி அவ. பானையைத்தான் கொண்டுவந்தேன், பெட்டியைக் கொண்டுவரவில்லை என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. பெட்டிக்குள் கல்யாணப் படம் இருந்தது. அவவுக்கு அந்தப் பாட்டை ‘எத்தனையாவது?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பா என்று நினைக்கிறீர்கள்? கேட்கவே ஏலாத பாட்டைப் பட்டியலில் எங்கே வைப்பது? அதைச் சொல்லுங்கள், நான் மாற்றுகிறேன்.

சிலர் கண்ணியமாகவே கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் சொல்லுகிறேன். எது பெரிய பாட்டு என்று அங்கே கேட்கவில்லை. எதைத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள் என்றுதான் கேட்டார்கள். நான் ‘விடை கொடு’வைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் கேளுங்கள். உங்களைப் பார்த்து உங்களுக்கு வலிக்கவில்லையா என்று நான் கேட்டேனா?

அடுத்தது, ‘சட்டென நனைந்தது ஒரு முழுப்பாட்டே இல்லை, ரெண்டு நிமிசத் துண்டு, அதைப் போய் முதலாவதாகப் போட்டிருக்கிறா’ என்ற குற்றச்சாட்டு. இதற்கு நான் நின்று பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் இது பாட்டைப் பற்றிய கேள்வி, என்னைப் பற்றியது இல்லை.

ரெண்டு நிமிசம்தான். அதுதான் அதன் பலம். ‘ரோஜா’வில் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடின மின்மினி, பத்து வருசத்துக்குப் பிறகு இதில் வருகிறார். அங்கே ஆசைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு துள்ளின குரல், இங்கே ஒரு இடத்தில் இருந்து அசையாமல் பாடுகிறது. வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. நீட்டி முழக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு மனதில் ஒன்று நடக்கிறது, அதைச் சொல்லுகிறாள், நிறுத்துகிறாள். இதை நாலு சரணம் வைத்து ஐந்து நிமிசத்துக்கு இழுத்திருந்தால் நான் ஐந்தாவது இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

எங்கட ஊரில் அந்தப் பாட்டு எப்படிப் பரவியது என்று தெரியுமா? படம் வந்தது 2002 பெப்ரவரியில். அந்தக் காலத்தில் ரெக்கோடிங் கடைக்கு ஒரு வெறுங் கசெட்டும் கொப்பித்தாளில் எழுதின பாட்டு வரிசையும் கொண்டுபோய்க் கொடுப்போம். அறுபது நிமிசக் கசெட், பக்கத்துக்கு முப்பது. ஐந்தாறு பாட்டு ஏற்றினதும் பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சும். இன்னொரு முழுப்பாட்டு அதில் அடங்காது, பாதியில் அறும். அப்போது கடைக்காரர் கேட்காமலே ஒரு சின்னப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். அந்த வருசம் எங்கட கடையில் அந்த இடத்துக்கு வந்தது ‘சட்டென நனைந்தது’. என் அண்ணன் எம். ஜி. ஆர். பாட்டு ஏற்றின கசெட்டின் கடைசியிலும் அது இருந்தது. அப்பா வாங்கின பக்திப் பாட்டுக் கசெட்டிலும் இருந்தது. விநாயகர் பாட்டு முடிந்து ஒரு ‘டக்’ சத்தம், பிறகு மின்மினி.

அப்போது நான் ரியூசனுக்குக் கல்லடிப் பாலத்தால் போய்வருவேன். சோதனைச்சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேண்டும். அடையாள அட்டை எடுக்கிற வயது இன்னும் வராததால் பாடசாலைக் கடிதம் ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்திருப்பேன். பையைத் திறந்து காட்டி, கடிதத்தைக் காட்டி, திரும்பப் பையை மூடி உருட்டிக்கொண்டு போகும்போது வாய்க்குள் அந்தப் பாட்டுத்தான் ஓடும். யாரை நினைத்துப் பாடினேன் என்பதை இங்கே எழுதமாட்டேன், அவரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் எங்களுக்கும் பதினைந்து வயது வந்தது. அதை ஏன் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை? சோதனைச்சாவடி என்று சொன்னால் தலையாட்டுகிறீர்கள். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு ஒரு பெடியனை நினைத்துப் பாட்டு முணுமுணுத்தேன் என்றால் உங்களுக்கு முகம் மாறுகிறது. ரெண்டும் ஒரே பிள்ளைதான். ஒரே பின்னேரம்தான்.

இன்னும் சிலர், படமே எங்கட பிரச்சினையை மேலோட்டமாகக் காட்டினது, அதன் பாட்டுகளைத் தூக்கிப் பிடிக்கலாமா என்றார்கள். படத்தில் வருகிற ஊர் மாங்குளம். எடுத்தது இந்தியாவில். குறை இருக்கும்தான். அது வேறு கதை, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும். பாட்டுக்கு இடம் போடுவதே சின்னப்பிள்ளை வேலை என்று சொன்னவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போகலாம், வந்து நின்று நாலு பந்தி எழுதத் தேவையில்லை. இன்னொன்று, இந்தப் படத்துக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு ‘ஒரு தெய்வம் தந்த பூவே’ என்று தொடங்குகிற தலைப்புப் பாட்டு. ‘விடை கொடு’ இல்லை. அந்த விருதுக்குழுவிடமும் போய் நீங்கள் இனத்தை மறந்துவிட்டீர்கள் என்று கேட்பீர்களா? கேட்கமாட்டீர்கள். நான்தான் கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறேன்.

என் ரெண்டாவது இடம் ‘வெள்ளைப் பூக்கள்’. அதையும் ஒருவர் ‘சும்மா சமாதானப் பாட்டு’ என்றார். சும்மா இல்லை. படம் வந்த அதே மாதத்தில்தான் யுத்தநிறுத்த ஒப்பந்தமும் கைச்சாத்தானது. ரஹ்மானே பாடின அந்தப் பாட்டை அந்த வருசம் நாங்கள் நம்பிக் கேட்டோம். சாவடியில் நின்றவர்கள் பையைக் கிண்டுவதைக் குறைத்தார்கள், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்தோம், பெரியம்மா தன் பழைய வளவில் நின்ற மாமரத்தில் காய் பறித்துக்கொண்டு வந்து அயல் முழுக்கக் கொடுத்தா. அது எத்தனை நாளைக்கு நிலைத்தது என்று உங்களுக்குத் தெரியும். 2006 வந்தபோது திரும்பவும் சண்டை, வடக்கே வாகரைச் சனம் இடம்பெயர்ந்து வரத் தொடங்கியது. 2007 மார்ச்சில் படுவான்கரையே காலியானது. அந்தப் பாட்டை இப்போதும் ரெண்டாவதாக வைக்கிறேன் என்றால் அதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. இதையும் நான் விளக்கித்தான் ஆகவேண்டுமா?

இனி, உண்மையிலேயே என்னை எழுதவைத்தது எது என்று சொல்லுகிறேன். ஏசினவர்களை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒருவர் ஒரே ஒரு வரி எழுதினார். ‘மட்டக்களப்பு தானே, அப்படித்தான் இருக்கும்.’ அதற்குக் கீழே எத்தனை விருப்பக்குறி. அதில் எனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களும் இருந்தன. எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களின் பெயர்.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எழுதினவருக்கும் தெரியும், விருப்பக்குறி போட்டவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: மட்டக்களப்பார் என்றால் இனத்தைக் காட்டிக்கொடுக்கிறவர்கள் என்ற பழைய பழி. பாட்டுப் பட்டியலில் தொடங்கி இங்கே வந்து நிற்கிறீர்கள். ஒரு ரஹ்மான் பாட்டை ஏழாவதாகப் போட்டதற்கு ஒரு மாவட்டத்தையே இழுத்தீர்கள். எங்கட சனம் எதில் குறைவு? எங்கட பக்கத்தில் புதைத்தவர்களின் கணக்கை நான் இங்கே எடுத்து வைக்கவேண்டுமா? நான் எத்தனை தரம் இடம்பெயர்ந்தேன், வீட்டில் யார் திரும்பி வரவில்லை என்றெல்லாம் கேட்டு உள்பெட்டிக்கு வந்தவர்களுக்குச் சொல்லுகிறேன், அதை எழுதமாட்டேன். எழுதினால் உடனே மன்னித்துவிடுவீர்கள், ‘அக்கா, தெரியாமல் சொல்லிப்போட்டம்’ என்பீர்கள். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம். வீட்டில் ஒருவரையும் இழக்காத மட்டக்களப்பாள் ஒருத்தி இருந்தாலும் அவளுக்கும் மின்மினியை முதலாவதாகப் போட உரிமை இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாட்டு கடலைக் கடந்து போகிறவர்களின் பாட்டு. எங்கட சனத்தில் கனபேர் நாட்டுக்கு விடை கொடுக்கவில்லை. வாவியைக் கடந்து வந்தார்கள், வாவியைக் கடந்து திரும்பிப் போனார்கள், மறுகாலும் வந்தார்கள். பெரியம்மா செத்தது அவவின் சொந்த வளவில். எங்கட தெருவில் விடை கொடுத்தது என்றால் விடியப்புறம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வானுக்குத்தான். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள், தங்கட பிள்ளைகளைத் தாய்மாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு ஒரு பாட்டு வந்தால் நான் முதலாவதாக வைப்பேனோ, அதையும் கேட்க ஏலாமல் கடைசியில் வைப்பேனோ, எனக்கே தெரியாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ‘விடை கொடு’வைக் கேட்டு அழுகிறவர்களின் அழுகை உண்மை. அது அவர்களின் பாட்டு. அவர்களிடம் இருந்து அதை நான் பறிக்கவில்லை. என்னையும் அதே இடத்தில் வந்து அழு என்று இழுக்காதீர்கள்.

பட்டியலை மாற்றவில்லை. ஏழும் அதே வரிசையில் அங்கேயே இருக்கிறது. அந்த மட்டக்களப்பு வரிக்கு விருப்பக்குறி போட்டவர்களில் மூன்று பேர் காலையில் எடுத்துவிட்டார்கள், பார்த்தேன். மற்றவர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்தது ‘அலைபாயுதே’ என்று அறிவித்திருக்கிறார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘எவனோ ஒருவன்’ முதலாவது, ஸ்வர்ணலதாவின் குரலுக்காக. ‘சிநேகிதனே’ ரெண்டாவது. ‘பச்சை நிறமே’ மூன்றாவது, அதில் ஹரிஹரனோடு எனக்கு ஒரு வாதமும் இல்லை. ‘செப்டம்பர் மாதம்’ கடைசி. பாட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் கேளுங்கள், இரவு எத்தனை மணியானாலும் இருந்து பதில் எழுதுவேன்.