சிக்கரி கொஞ்சம் தூக்கலாக

(மயிலாப்பூரில் ஒரு காபித்தூள் கடை. அரைவை மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.)

அண்ணாச்சி: வாங்க சார். அரைக் கிலோ, பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி. சிக்கரி வாசனையே ஆகாது. சரிதானே?

சார்: (அக்கம்பக்கம் பார்த்து) இந்தத் தடவை... சிக்கரி போடுங்க.

அண்ணாச்சி: மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை சார்.

சார்: சிக்கரி! அறுபதுக்கு நாற்பது!

அண்ணாச்சி: தம்பி, மிஷினை நிறுத்து. சார், சிக்கரி கலப்பவனைக் குண்டர் சட்டத்தில் போடணும் என்று இதே படியில் நின்று சொன்னது நீங்கள்தானே?

சார்: தூக்கம் போச்சு அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன் இறக்கையை எண்ணுகிறேன். மூன்றுதான் இருக்கிறது, எவ்வளவு நேரம் எண்ணுவது? டாக்டர் காஃபீனைக் குறைக்கச் சொன்னார். சிக்கரி வெறும் வேர், அதில் காஃபீனே கிடையாதாம்.

அண்ணாச்சி: கடைசி காபி எப்போது?

சார்: சீக்கிரம்தான். ராத்திரி ஏழு மணி.

அண்ணாச்சி: நல்ல சீக்கிரம்! குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மீதிப் பாதி 12 மணிக்கும் உங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

சார்: ஆனால் குடித்தால்தானே தெம்பு வருகிறது?

அண்ணாச்சி: தெம்பா? விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும். 'போய்ப் படு' என்று சொல்கிற சரக்கு அது. அது உட்காரவேண்டிய சீட்டில் காஃபீன் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடும். களைப்பு போகாது, நின்றுகொண்டே வரும். காஃபீன் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் உட்காரும்.

சார்: அதனால்தான் மத்தியானம் ஆபீஸ் ஃபைல் மேலேயே சாய்கிறேனா! இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?

அண்ணாச்சி: மகள் நர்சிங் படிக்கிறாள். வியாபாரத்துக்கு எதிரி வீட்டிலேயே வளர்கிறாள்.

சார்: அப்போ காபியை அடியோடு விட்டுவிடட்டுமா?

அண்ணாச்சி: வேண்டாம் சார்! ஒரேயடியாக விட்டால் மறுநாளே தலைவலி, சிடுசிடுப்பு. ஒரு வாரம்கூட இழுக்கும். படிப்படியாகக் குறையுங்க. இது கடைக்காகச் சொல்லவில்லை... சரி, கொஞ்சம் கடைக்காகவும்தான்.

சார்: அறுபது நாற்பதே போடுங்க. பொட்டலத்தில் மட்டும் சிக்கரி என்று எழுதவேண்டாம். என் சம்பந்தி நூறு சதவீதம் காபி என்று மார்தட்டுகிற ஆள். பார்த்தால் மானம் போய்விடும்.

அண்ணாச்சி: எத்தனை சதவீதம் சிக்கரி என்று எழுதியே ஆகணும் சார், சட்டம். உங்கள் சம்பந்தி மாதிரி, வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பா கொண்டு வந்துவிடுங்க.