விரிசல் என்றாலே கல்தானா?

புது வண்டியின் முன்கண்ணாடியில் விரிசல் விழுந்திருக்கிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். "கல் அடிச்சிருக்கும் சார், வாரண்டியில வராது" என்பார்கள். கிட்டப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். எனக்கும் இதே பதில்தான். கீழ் விளிம்பில் தொடங்கி வளைந்து மேலே ஏறிய கோடு அது. கல் பட்ட தடமே இல்லை.

நியாயமாகச் சொன்னால், பெரும்பாலான விரிசல்களுக்குக் கல்தான் காரணம். ஆனால் கல் பட்டால் தடம் விட்டுப் போகும். பால்பாயிண்ட் பேனா முனையை விரிசல் நெடுக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது சின்னக் குழியில் முனை இடறினால் அடி விழுந்தது அங்கேதான். எங்கும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போய், விரிசலும் விளிம்பிலிருந்து கிளம்பியிருந்தால், கண்ணாடிக்குள் இருந்த அழுத்தமே அதை உடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனை மெக்கானிக்குகளுக்கும் தெரியும். உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லி, முடிவை ஜாப் கார்டில் (வண்டியின் வேலைகளைக் குறிக்கும் சர்வீஸ் சீட்டு) எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வெளியே உறைபனி, உள்ளே டீஃப்ராஸ்டரை (சூடான காற்றை ஊதிக் கண்ணாடியில் படிந்த பனியை விலக்கும் கருவி) முழு வேகத்தில் வைக்கிறோம். சூடான காற்று முதலில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் படுகிறது. அந்த இடம் விரிகிறது; சட்டத்தை ஒட்டிய விளிம்பு குளிர்ந்தே கிடக்கிறது. இழுவிசை முழுவதும் விளிம்புக்குப் போகிறது. வெட்டும்போதோ பொருத்தும்போதோ ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல் அங்கே இருந்தால் போதும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினாலும் இதேபோல ஆகலாம்.

இன்னொரு விஷயம். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். ஒவ்வொரு தகடும் சுமார் 2.1 மி.மீ. என்பது பழைய வழக்கம். எடை குறைக்க, இப்போது பல மாடல்களில் உள்தகடு 1.6 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. முழுக் கண்ணாடியையும் யூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள். பாடி முறுக்கினால் கண்ணாடியும் சேர்ந்து சுமக்க வேண்டும். பசை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அந்த அழுத்தம் அங்கேயே தங்கிவிடும். இதற்கு வாடிக்கையாளர் எப்படிப் பொறுப்பாவார்?

டீஃப்ராஸ்டர் கதை வேறு. மின்சார வண்டியில் எஞ்சின் சூடு கிடையாது. ஹீட்டரோ, வெளியே இருக்கும் சூட்டை எடுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப்போதான் வேலை செய்ய வேண்டும். 2022-இல் அமெரிக்காவில் டெஸ்லா 26,681 வண்டிகளைக் கோளாறு நீக்க ரீகால் செய்தது. ஹீட் பம்ப்பின் வால்வைத் தவறாகத் திறக்கவைத்த மென்பொருள் கோளாறால் கண்ணாடியில் பனி சரியாக விலகாமல் போகலாம் என்பதே காரணம். மென்பொருள் அப்டேட்டிலேயே சரிசெய்தார்கள். ஆக, டீஃப்ராஸ்டர் பாதுகாப்பு விஷயம் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதன் பட்டனைக் கொண்டுபோய்த் தொடுதிரையின் மூன்றாவது பக்கத்தில் ஒளித்துவைக்கும் டிசைனர்களுக்குத்தான் தெரியவில்லை!

(மழையில் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். உள்காற்றையே சுழலவிட்டால் ஈரம் போகாது. "டீஃப்ராஸ்டர் வேலை செய்யல" என்ற புகார்களில் பாதி இதுதான் என்பது என் சந்தேகம்.)

சரி, கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும் என்றால்? கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டிகளில், தானியங்கி பிரேக்கும், தடம் விலகினால் எச்சரிக்கும் லேன் எச்சரிக்கையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மாற்றியபின் பெரும்பாலும் கேமராவை மறுபடி கேலிப்ரேட் செய்ய, அதாவது அதன் பார்வையைத் துல்லியமாகச் சரிப்படுத்த, வேண்டியிருக்கும். பில்லில் அந்த வேலையைத் தனியாகக் குறித்திருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால், வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்பே ஏன் என்று கேளுங்கள்.