கிட்டியில் இருந்து லாக்கப் வரை

ஒவ்வொரு லாக்கப் சாவுக்குப் பிறகும் இதே பேச்சுதான் வருகிறது: "ஒன்றிரண்டு பேர் செய்ததற்கு மொத்த டிபார்ட்மென்டையும் குறை சொல்லலாமா?" 2020இல் சாத்தான்குளத்துக்கும் சொன்னார்கள், 2025இல் திருப்புவனத்துக்கும் சொன்னார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. நம் போலீஸ் எதற்காக, யாரால் உருவாக்கப்பட்டது என்று பார்த்தால் யாருமே ஏற்க மாட்டார்கள்.

கம்பெனி ஆட்சிக்கு முன்பும் இங்கே காவல் இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று அதற்கு வரியே உண்டு. பிற்காலத்தில் மதுரை, நெல்லைச் சீமைகளில் காவல்காரருக்கு ஊரார் நெல்லும் பணமும் அளந்தார்கள். களவு போனால் அவர் துப்புத் துலக்கி மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். காவல்கூலி தராதவன் மாடு காணாமல் போவதும் நடந்ததுதான். ஆனாலும் காவல்காரர் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு கம்பெனி அவர்களுடைய காவல் உரிமைகளையும் பறித்தது. 1816இல் போலீஸ் அதிகாரம் கலெக்டர், தாசில்தார் கைக்குப் போனது. வரி வசூலிப்பவரே போலீஸ்! கிஸ்தி பாக்கி வைத்த குடியானவருக்கும் திருட்டுக் கேசில் சிக்கியவருக்கும் ஒரே கவனிப்பு. கிட்டி என்பது இரண்டு குச்சிகள், நடுவில் விரல்களை வைத்து நெரிப்பார்கள். அண்ணந்தாள் என்றால் ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. கண்ணில் மிளகாய்ப்பொடி தனி. எல்லாம் 1855இல் வந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையில் இருக்கிறது. சித்திரவதை நடக்கிறது என்பதைவிட, அடிபட்டவருக்கு நியாயம் கிடைக்க வழியில்லாததே தங்களை அதிகம் வேதனைப்படுத்தியது என்று அந்தக் கமிஷனே எழுதியது. இன்றைக்கும் அதே நிலைதானே?

அதன் பிறகு 1859இல் சென்னை மாகாணத்துக்கும், 1861இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் போலீஸ் சட்டம் வந்தது. லண்டனில் 1829இல் ராபர்ட் பீல் அமைத்த போலீசார் துப்பாக்கி இல்லாமல் தெருவில் நடந்தவர்கள். நமக்கு முன்மாதிரியாகக் கொண்டது அதை அல்ல, அடங்காத அயர்லாந்தை அடக்க வைத்திருந்த ஆயுதப் போலீசை! தலைமுறைகளாக மதுரைப் பக்கம் காவல் பார்த்த பிரமலைக் கள்ளர்களையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தினார்கள். குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்ததற்கு 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அவர்களில் பலரைச் சுட்டுக் கொன்றார்கள்.

தான் உருவாக்கிய போலீசை வெள்ளைக்காரனே நம்பவில்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் எழுதி வைத்தான். 2023இல் வந்த புதிய சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. செல்லாத வாக்குமூலத்துக்காக இன்னும் ஏன் அடிக்கிறார்கள்? திருட்டுப் பொருளை எடுத்துக் காட்டினால் அந்த அளவுக்கு வாக்குமூலம் செல்லும் என்ற விதிவிலக்கும் கூடவே இருக்கிறது. "நகை எங்கே?" என்ற கேள்விக்கு அடி விழுவது அதனால்தான்.

புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டது. புகார் ஆணையத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலரையும், மாவட்ட அளவில் கலெக்டரையும் தலைவராக்கியது. 1816இல் போலீஸ் அதிகாரம் யாரிடம் போனதோ, புகாரும் அதே கலெக்டரிடம்தான் போக வேண்டுமா? ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அதை மாற்றி அமையுங்கள் என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.