குளிசையை நிறுத்தச் சொல்லும் அந்தச் செய்தி பிழை

திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) செய்வினையாம், ஆள் அமைதியானதும் குளிசையை நிறுத்திவிட வேண்டுமாம். பிழை. இது மூளையைப் பாதிக்கும் நோய், உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அமைதியானதே பெரும்பாலும் குளிசையால்தான், திடீரென நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம். கோணேஸ்வரத்துக்குப் போய்க் கும்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது, ஆனால் கிளினிக்கை விடாதீர்கள்.

குளிசையால் கைநடுக்கம், தூக்கம், உடம்பு வைப்பது எல்லாம் வரலாம், அது உண்மைதான்; அதைத் தாதியிடம் சொன்னால் டொக்டர் மருந்தை மாற்றிப் பார்ப்பார், குளிசை மறப்பவர்களுக்குச் சில கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அப்புறம், இந்த நோயால், மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறது என்று சொல்பவரோடு சண்டை பிடிக்காமல், "எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள், தாதியர் செய்வதும் அதைத்தான்.

சந்தேகமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.