விற்றவர்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய செல்பேசி, கணினி, டிவி போன்ற மின்கழிவு குவிவதற்கு மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம் என்று ஒரு பெரிய நிறுவனத்தின் அதிகாரி மேடையில் பேசுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. என் நண்பர்களிலேயே பலர் அதைப் பாராட்டிப் பகிர்ந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் அவர் பேசியதைக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது.

இதில் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் என்றோ சொல்லிவிட்டது. இந்தியாவில் 2011-ல் வந்த மின்கழிவு விதிகளே தயாரிப்பாளரின் தலையில்தான் பொறுப்பை வைத்தன. அவர்கள் எவ்வளவு சேகரிக்க வேண்டும் என்று 2016 விதிகள் இலக்கு வைத்தன. இப்போதிருக்கும் 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பொருளின் சராசரி ஆயுளைக் கணக்கிட்டு, அத்தனை ஆண்டுகளுக்கு முன் விற்ற சரக்கின் எடையில் முதலில் 60 சதவீதம், பிறகு 70, 2027-28 முதல் 80 சதவீதம் மறுசுழற்சி ஆக வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தயாரிப்பாளர். நீங்களோ நானோ அல்ல.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய மடிக்கணினியின் பேட்டரி உப்பிப்போய், மூடியே தூக்கிக்கொண்டு நின்றது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் என்று தெரியும், அதனால் குப்பையில் போடவில்லை. தயாரித்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். மொத்தமாக இருந்தால்தான் வந்து எடுப்போம் என்றார்கள். சேவை மையத்துக்கு எடுத்துப் போனேன். புதியது வாங்கினால் பழையதை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். பேட்டரி இன்றும் ஒரு மண் நிரப்பிய தகர டப்பாவில் வீட்டு மூலையில் இருக்கிறது. எனக்கு விழிப்புணர்வு இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கினால் தயாரிப்பாளரின் இலக்கு நிறைவேறிவிட்டது என்பதுதான் இப்போதைய ஏற்பாடு. தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு எவ்வளவு மீட்கப்பட்டது என்பதை வைத்துச் சான்றிதழ் கணக்கிடப்படுகிறது. கணக்கு எழுத இது வசதி, மறுக்கவில்லை. ஆனால் என் டப்பாவில் இருக்கும் பேட்டரியை எடுத்துப் போக வேண்டிய அவசியம் இதில் யாருக்கு வருகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 சட்டம், குறைந்தது 400 சதுர மீட்டர் பரப்பில் மின்பொருள் விற்கும் கடைகள் மிகச் சிறிய மின்கழிவுகளை இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும், பதிலுக்கு எதையும் வாங்கச் சொல்லக் கூடாது என்கிறது. அதுதான் ஏற்பாடு. விற்ற இடத்திலேயே திரும்பக் கொடுக்கலாம்.

"செலவை எங்கள் தலையில்தானே கட்டுவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விலை கொஞ்சம் ஏறலாம். ஆனால் இப்போதும் யாரோ அந்தச் செலவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது பில்லில் மட்டும் வருவதில்லை. 1990-ல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர், தயாரிப்பாளரே பொறுப்பு என்ற இந்த யோசனையை முன்வைத்தபோது அதன் அடிப்படையே இதுதான்: கடைசிச் செலவு தயாரிப்பாளருடையது என்றால், எளிதாகக் கழற்றும்படி பொருளைச் செய்வார். இன்று செல்பேசியின் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். 2027 பிப்ரவரி முதல் ஐரோப்பாவில் விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றும்படி வைக்க வேண்டும் என்று அங்கே விதி வந்துவிட்டது. ஒட்டியது யார்? நாமா?

"சிறு நிறுவனங்கள் என்ன செய்யும்?" என்றால், கூட்டாகச் சேர்ந்து செய்யட்டும். பல நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

"மக்கள்தான் பழைய பொருளை அலமாரியில் பதுக்கி வைக்கிறார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. கொடுக்க இடமில்லாதவர் வேறு என்ன செய்வார்? ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி 2022-ல் உலகில் உண்டான மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மீதி முழுக்க அலமாரியிலா இருக்கிறது?

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா காயலான் கடையில் வேலை பார்த்தவர். செம்புக்காகக் கேபிளைக் கொளுத்துவார்கள். அந்தக் கரும்புகையை வருஷக்கணக்கில் சுவாசித்தார். பழைய டிவியின் குழாயை வெறும் கையால் உடைத்திருக்கிறார், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இருமிக்கொண்டே இருந்தார். வீட்டில் எல்லோரும் பீடியைக் குறை சொன்னோம், அவர் பீடி தொட்டதே இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தும். அவர் கையில் வந்த ஒவ்வொரு பொருளிலும் ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தது. அந்த நிறுவனங்களில் ஒன்றுகூட அவருக்கு ஒரு கையுறை கொடுத்ததில்லை.

இவரைப் போன்றவர்களைத்தான் "முறைசாராத் துறை" என்று குற்றவாளியைப் போலக் குறிப்பிடுகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பழையதை வாங்கி, பிரித்து, தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். விரட்டாதீர்கள். பதிவு பெற்ற மையங்களில் வேலை கொடுங்கள், முகக்கவசமும் மருத்துவக் காப்பீடும் கொடுங்கள், சேகரிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒழுங்கான கூலி கொடுங்கள். அந்தப் பணத்தைப் பொருளை விற்ற அன்றே நிறுவனங்கள் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.